ஹேவ்லாக், நீல் தீவுகளில் எங்கே தங்குவது? முதலில் ஃபெர்ரி, பிறகு அறை

அந்தமானுக்கு விமான டிக்கெட் போட்ட கையோடு பெரும்பாலோர் ஹோட்டல் படங்களைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். தென்னந்தோப்பு, நீச்சல் குளம், கடலைப் பார்த்த பால்கனி என்று மனசுக்குப் பிடித்த அறையை முதலில் பதிவு செய்கிறார்கள். ஃபெர்ரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். போர்ட் பிளேரில் மட்டும் தங்குகிறவர்களுக்கு இதில் பாதகமில்லை. ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றியே ஆகவேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஜெட்டியிலிருந்து ஃபெர்ரி கிடைக்கிறது என்பதுதான் எந்தத் தீவில் எத்தனை இரவு என்பதைத் தீர்மானிக்கிறது. ஃபெர்ரி கைக்கு வந்த பிறகு, கடல் ஏறும் நேரத்தையும் சூரியன் மறையும் நேரத்தையும் பார்த்து அறையைத் தேடினால், அதே செலவில் இரு மடங்கு கடல் கிடைக்கும்.

பதிவு செய்யும்போது குழப்பம் வராமலிருக்க ஒரு தகவல். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து அரசுப் பதிவில் ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார். இரண்டும் ஒரே இடம்தான்.

ஃபெர்ரியில் இரண்டு வகை. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் கப்பல்கள் போர்ட் பிளேரின் ஹாடோ துறையிலிருந்து கிளம்புகின்றன. அரசு ஃபெர்ரி ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து போகிறது. இரண்டும் வெவ்வேறு இடம் என்பதால் டிக்கெட்டில் இருக்கும் பெயரை ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள். வேகக் கப்பலில் ஹேவ்லாக்குக்கு சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். அரசு ஃபெர்ரியில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும், ஆனால் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். வேகக் கப்பல்களில் பெரும்பாலும் ஏசி அறைக்குள் அடைந்து உட்கார வேண்டியிருக்கும். குமட்டல் வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அரசு ஃபெர்ரி கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அது முதலில் தீவு மக்களின் போக்குவரத்து. அவர்களுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட. குடும்பத்தோடு, குறுகிய நாட்களுக்கு வருகிறவர்கள் அதை மட்டுமே நம்பி அறை போட வேண்டாம்.

முதல் இரவும் கடைசி இரவும்

சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் எடுக்கும். விமானம் இறங்கும் நேரத்துக்கும் ஃபெர்ரி கிளம்பும் நேரத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள். பெட்டி வர, வண்டி பிடிக்க, துறைக்குப் போக, அடையாள அட்டை சரிபார்க்க, பெட்டியை ஒப்படைக்க என்று நேரம் கரைந்துவிடும். ஃபெர்ரி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் துறையில் நிற்க வேண்டும். காலை 9 அல்லது 10 மணிக்குள் இறங்கினால் பிற்பகல் ஃபெர்ரியைப் பிடிக்கலாம். நண்பகலுக்கு மேல் இறங்குகிறீர்கள் என்றால் அன்று தீவுக்குப் போகும் திட்டத்தை விட்டுவிட்டு, முதல் இரவைப் போர்ட் பிளேரில் கழித்து மறுநாள் அதிகாலையில் கிளம்புங்கள்.

அந்த ஓர் இரவுக்கு ஹாடோ, ஃபீனிக்ஸ் பே, அபர்தீன் பஜார் சுற்றுவட்டாரம் போதும். கார்பின்ஸ் கோவ் கடற்கரை ஓரமாக அறை எடுப்பவர்கள் உண்டு. அழகான இடம்தான், ஆனால் அது ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் துறைக்கு ஓட வேண்டிய நாளில் அந்தத் தொலைவு தேவையில்லை. அதிகாலை ஃபெர்ரி என்றால் ஹோட்டலில் காலைச் சாப்பாடு தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவீர்கள். முந்தின இரவே சொல்லிவைத்தால் பல இடங்களில் கட்டிக் கொடுப்பார்கள்.

கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். காலையில் நீலிலிருந்து ஃபெர்ரி, மதியம் விமானம் என்று திட்டமிடுபவர்கள், கடல் தாங்கள் சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறார்கள். காற்று எச்சரிக்கை வந்தால் எல்லாக் கப்பலும் நிற்கும். 2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாகிச் சென்னையைத் தாக்கிய அதே காற்றழுத்தத் தாழ்வு அந்தமான் அருகே நின்றபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை அழைத்து வர வேண்டியிருந்தது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஒரு நாள் ஃபெர்ரி ரத்தாவது அங்கே அசாதாரணமான விஷயமில்லை.

ஸ்கூபா செய்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஒரு முறை மூழ்கினாலும் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கினால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாக வெளியேறி ஆபத்து விளைவிக்கும். 24 மணி நேரம் விடுவது நிம்மதி. ஹேவ்லாக்கில் மூழ்கி, அடுத்து நீலுக்குப் போய், கடைசியில் போர்ட் பிளேர் வந்தால் இந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடும். முக்கோணமாகப் போகும் இந்த வழியை நாங்கள் எல்லோருக்கும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு ஃபெர்ரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஹேவ்லாக்: கிழக்கா, மேற்கா?

அறை தேடுகிறவர்கள் உண்மையில் முடிவு செய்ய வேண்டிய கேள்வி இதுதான். ஜெட்டி தீவின் வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே வரும் சாலை கிழக்குக் கரையை ஒட்டிப் போகிறது. முதலில் கோவிந்த் நகர், அதாவது 3ஆம் எண் கடற்கரையும் பஜாரும். அடுத்து விஜய் நகர், 5ஆம் எண் கடற்கரை. அதற்கும் அப்பால் காலாபத்தர். பஜாரிலிருந்து பிரியும் இன்னொரு சாலை வயலும் காடுமாகத் தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரையின் ராதாநகருக்கு, அதாவது 7ஆம் எண் கடற்கரைக்குப் போகிறது. ஜெட்டியிலிருந்து ராதாநகர் 10 கிலோமீட்டருக்கும் மேல்.

பெரும்பாலான விடுதிகள் கிழக்குக் கரையில்தான். ஸ்கூபா கடைகள், சாப்பாட்டுக் கடைகள், ஏடிஎம், வாடகை ஸ்கூட்டர் எல்லாம் 3க்கும் 5க்கும் இடையில் கிடைக்கும். அறைக்கதவைத் திறந்தால் கடல், விடிகாலையில் சூரிய உதயம் கண்முன்னே. படங்களில் தண்ணீர் மரத்தின் அடிவரை வந்து பச்சையும் நீலமுமாகத் ததும்பும். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது கடல் ஏறி நிற்கும் நேரத்தில் எடுத்தது.

கடல் வற்றும்போது கிழக்குக் கரை வேறு இடமாகிவிடும். அங்கே கரைக்கு அப்பால் ஆழமில்லாத பவளப்பாறைத் திட்டு நெடுந்தூரம் பரந்து கிடக்கிறது. நீர் இறங்கியதும் கல்லும் செத்த பவளமும் சேறும் வெளியே வரும். கடலைத் தொடவே வெகுதூரம் நடக்க வேண்டும், அங்கும் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருக்கும். வெறுங்காலோடு போனால் பாதம் கிழியும். கடற்கரை விடுதிக்குப் பெரும்பணம் கொடுத்துவிட்டு, கடலே இல்லை என்று ஏமாந்து போகிறவர்கள் எல்லாம் இந்த நேரத்தில் வந்து இறங்கியவர்கள்தான்.

ஆகவே பயண நாட்களுக்கான போர்ட் பிளேர் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, இணையத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் பின்னால் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 8 மணிக்கு உச்ச ஏற்றம் என்றால் நான்காம் நாள் பத்தரை மணிவாக்கில் வரும், ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழாகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் மிதமாக இருக்கும். நீங்கள் இருக்கப்போகும் நாட்களில் காலை 8 முதல் 11 மணிக்குள் கடல் ஏறி நின்றால் கிழக்குக் கரை விடுதி கொடுத்த காசுக்குத் தகும். நடுப்பகலில் வற்றிக் கிடக்கும் நாட்கள் என்றால் கடல் முகப்பு அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. தோட்டத்துப் பக்க அறையை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் ராதாநகருக்கு வண்டி வைத்துப் போய் வாருங்கள்.

அமாவாசையை ஒட்டி வருகிறவர்களுக்கு இன்னொரு லாபம். இரவில் துடுப்புப் போடும்போது தண்ணீர் நீல ஒளி விடுவதைக் காட்டும் கயாக் பயணங்கள் ஹேவ்லாக்கில் உண்டு. நிலவொளி இல்லாத இரவில்தான் அது நன்றாகத் தெரியும். பௌர்ணமிக்குப் போய் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

மேற்கே ராதாநகர். டைம் இதழ் 2004இல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது, 2020இல் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்தப் புகழுக்குக் காரணம் அடியில் கிடக்கும் மணல். கல் இல்லாத சரிவு என்பதால் கடல் ஏறினாலும் வற்றினாலும் குளிக்கலாம். குழந்தைகளோடு வந்து, ஸ்கூபா எதுவும் வேண்டாம், கடலில் கிடந்தால் போதும் என்கிறவர்களுக்கு ராதாநகர்ப் பக்கம் தங்குவதுதான் சரி. பகல் பயணிகள் திரும்பிப் போன பிறகும், அவர்கள் வருவதற்கு முன் விடிகாலையிலும் அந்த நீண்ட மணற்பரப்பு கிட்டத்தட்ட உங்களுக்கே.

குறைகளையும் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே விடுதிகள் குறைவு, இருப்பவற்றில் பல விலை கூடியவை. சாப்பாட்டுக்கு விடுதியை விட்டால் கடற்கரை வாசலில் இருக்கும் சில கடைகள்தான். இருட்டிய பிறகு காட்டுச் சாலையில் ஆட்டோ கிடைப்பது கடினம். அதிகாலை ஸ்கூபாவுக்குக் கிழக்குக் கரைக்குத் தினமும் தீவைக் கடந்து போக வேண்டும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையில்தான் நேராக மோதும். அப்போது அலை பலமாக இருக்கும், உயிர்காப்பாளர் விசிலடித்தால் மறு பேச்சில்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். கடற்கரையின் ஓரத்தில் இருக்கும் நீல்ஸ் கோவ் பக்கம் 2010இல் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். உவர்நீர் முதலைகள் அந்தத் தீவுகளின் கழிமுகங்களில் வாழ்பவை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடையோ சதுப்புநிலக் காடோ கடலோடு சேரும் இடத்திலும் இறங்க வேண்டாம். அறை எடுக்கும்போதும் விடுதிக்குப் பக்கத்தில் ஓடை இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை வருகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை: இரண்டு இரவு என்றால் 3க்கும் 5க்கும் இடையில் தங்கி, ஒரு பிற்பகல் ராதாநகர் போய் வாருங்கள். நான்கு இரவு இருந்தால் மட்டும் கிழக்கில் இரண்டு, மேற்கில் இரண்டு என்று பிரிக்கலாம். மூன்று இரவைப் பிரித்தால் ஒரு பகல் முழுவதும் பெட்டி கட்டி அவிழ்ப்பதிலேயே போய்விடும். காலாபத்தர் சாலை கண்ணுக்கு விருந்து, ஆனால் தங்குவதற்குக் கடைகளிலிருந்து ரொம்பத் தள்ளி. வயதானவர்களோடு வந்தால் 3ஆம் எண் பஜாருக்கு அருகிலேயே இருங்கள். மருந்து, சைவச் சாப்பாடு, ஆட்டோ எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கும். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் போர்ட் பிளேர்தான், நடுவில் கடல் இருக்கிறது.

சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தமான் சென்னைக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றே. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஏப்ரலில் ஐந்தரை. ராதாநகரில் அஸ்தமனம் பார்க்க டிசம்பரில் நாலரைக்குக் கிளம்பினால் போய்ச் சேரும்போது சூரியன் மறைந்திருக்கும். 3 மணிக்கே அங்கே இருங்கள். அதேபோல் விடியலும் சீக்கிரம். ஐந்தரை மணிக்கு வெளிச்சம் வந்துவிடும் ஊரில் தடித்த திரைச்சீலை இல்லாத அறை குழந்தைகளை எழுப்பிவிடும்.

நீல் தீவு

இங்கே இட விஷயத்தில் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. தீவு சின்னது, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். ஜெட்டி நீளமானது. பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜெட்டிக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. ஃபெர்ரிக்கு வசதி, ஆனால் பகலில் கண்ணாடி அடித்தளப் படகும் கூட்டமுமாக இருக்கும். மேற்கே லக்ஷ்மண்பூர், அஸ்தமனத்துக்கு. கிழக்குக் கோடியில் சீதாபூர், உதயத்துக்கு. அங்கே அமைதி அதிகம், கடைகள் குறைவு. அமைதியும் நடமாட்டமும் சமமாக வேண்டுமென்றால் நாங்கள் லக்ஷ்மண்பூரைத்தான் சொல்வோம்.

நீலில் உண்மையான கேள்வி எத்தனை இரவு என்பது. இயற்கைப் பாறை வளைவைப் பார்க்கக் கடல் வற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் பாறைகளின் மேல் நடந்து போக முடியும், குட்டைகளில் மீனும் நண்டும் கடல்வெள்ளரியும் தெரியும். காலை ஃபெர்ரியில் வந்து மாலை ஃபெர்ரியில் போகிறவர்களுக்கு அந்த நேரம் பல நாட்களில் பொருந்தாது. ஓர் இரவு தங்கினால் பொருந்த வாய்ப்புண்டு, இரண்டு இரவு தங்கினால் தவறவே தவறாது.

பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை

இணையப் பக்கத்தில் ‘சீ வியூ’ என்று எழுதியிருப்பதற்கும் ‘பீச் ஃபிரண்ட்’ என்பதற்கும் நிறைய தூரம். தென்னைகளுக்கு நடுவில் ஒரு கீற்று நீலம் தெரிந்தாலும் அது ‘சீ வியூ’தான். விடுதிக்கே நேராகப் பேசி, அறைக்கும் தண்ணீருக்கும் இடையே எத்தனை அடி, நடுவில் சாலை இருக்கிறதா, கடற்கரை மணலா கல்லா என்று கேளுங்கள். நான் வரும் தேதியில் பகலில் எப்போது குளிக்கலாம் என்றும் கேளுங்கள். தீவுக்காரர்களுக்கு ஓதம் தெரியும், நல்ல விடுதி தயங்காமல் சொல்லும்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, விளக்கும் மின்விசிறியும் மட்டுமா? பல இடங்களில் இரண்டாவதுதான். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டா? மார்ச், ஏப்ரலில் இந்தக் கேள்வி அவசியம். மூங்கில் குடிலில் கொசுவலை இருக்கிறதா, கூரை ஒழுகாதா? குடில்களில் ஓலைக்கூரை அழகுதான், ஆனால் அக்டோபர், நவம்பர் மழையில் கான்கிரீட் அறையே உத்தமம். மணல் ஈ கடித்தால் பல நாட்கள் அரிக்கும். ஆகவே மணலிலேயே திறந்திருக்கும் அறையைவிடச் சற்று உள்ளே தள்ளி, தரை போட்ட திண்ணை இருக்கும் அறை குழந்தைகளுக்கு ஏற்றது. ஜெட்டியில் அழைத்துப்போக வண்டி வருமா, அதற்குத் தனிக் கட்டணமா? ஃபெர்ரி தாமதித்து இரவில் வந்தால் சமையலறை திறந்திருக்குமா?

சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு ஹேவ்லாக்கில் இணையம் தேறியிருக்கிறது. ஆனாலும் எல்லா விடுதியிலும் எல்லா நிறுவனத்தின் சிக்னலும் கிடைக்காது. வேலையோடு வருகிறவர்கள் அந்த அறையிலேயே எந்த சிம் எடுக்கும் என்று கேட்டுக்கொள்ளவும். கைப்பணம் இரண்டு நாள் செலவுக்காவது வைத்திருங்கள்.

கடைசிக் கேள்வி: காற்று எச்சரிக்கையால் ஃபெர்ரி நின்றால் என்ன செய்வீர்கள்? ஃபெர்ரி நிறுவனம் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரலாம். ஹோட்டல் பணத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. தீவுக்கு வர முடியாமல் போனால் தேதி மாற்றித் தருவார்களா, கிளம்ப முடியாமல் போனால் அதே அறையை அதே கட்டணத்துக்கு நீட்டிப்பார்களா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வருகிறவர்கள் போர்ட் பிளேர் கடைசி இரவையாவது ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் போடுங்கள். ரத்துச் செய்தி வந்தவுடன் குடும்பத்தில் ஒருவர் வரவேற்பறைக்குப் போய் அறையை நீட்டிக்கட்டும், இன்னொருவர் மறுநாள் முதல் ஃபெர்ரிக்கு இருக்கை கேட்கட்டும். தீவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த இரண்டும்தான் அன்று தேவைப்படும், கிடைப்பது முதலில் கேட்டவர்களுக்கு.